உப்பு குறைந்த சால்னா

காய்ந்த கல்லின்மேல் தெளிக்கிற தண்ணீர் "சொய்ங்" என்று ஓடி அடங்கும் சத்தம் முதலில் வரும். அதன் பின்னாலேயே எண்ணெய் வாசனை வரும். அதற்கும் பின்னால், சோம்பும் பட்டையும் தேங்காயும் அரைத்து ஊற்றிய சால்னா கொதிக்கிற வாசனை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, பாயில் படுத்திருந்த என் மூக்கின்மேல் வந்து உட்காரும். பிள்ளைகளே, கள்ளக்குறிச்சியில் இருந்த அந்த ஓட்டல் சாப்பாட்டை நான் வாயால் சாப்பிடுவதற்கு முன்னால் மூக்கால்தான் சாப்பிட்டேன். ஓட்டல் என்றால் இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடுகிறதே, அந்தப் பழக்கம் அந்த ஜன்னலடியில் தொடங்கியதுதான்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் வீடு கச்சிராயபாளையம் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெட்டு தொடங்கிவிட்டால் விடியுமுன் கிளம்பி, பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். வீட்டில் கூழ், களி, ரேஷன் அரிசிச் சோறு, எப்போதாவது கருவாட்டுக் குழம்பு. ஓட்டலை டவுன் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. அந்த வருஷம் வெட்டு நடுவில் எனக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. காமாலை. இப்போது என்றால் முதலில் டாக்டரிடம்தான் ஓட வேண்டும், நீங்களும் அப்படியே செய்யுங்கள். அன்று எங்களுக்குத் தெரிந்தது கள்ளக்குறிச்சியில் பச்சிலை அரைத்துக் கொடுக்கிற ஒரு வைத்தியர்தான். தினமும் காலையில் வெறும் வயிற்றோடு அவர் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதால், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்த என் அத்தை வீட்டில் என்னை விட்டுவிட்டு அப்பா கரும்புக் கொல்லைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அத்தை வீடு ஒரே ஒரு அறை. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் திறப்பது ஒரு ஓட்டலின் அடுப்படிப் பக்கம். அந்த ஓட்டலில் மாஸ்டர் யார் தெரியுமா? என் மாமாவேதான், அதாவது அத்தையின் வீட்டுக்காரர். காலையில் இட்லி, பொங்கல், வடை. சாயங்காலம் பரோட்டா, சால்னா. மத்தியானம் மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார்.

வைத்தியர் சொன்ன பத்தியம் சின்னதல்ல. உப்பு கூடாது, புளி கூடாது, காரம் கூடாது, எண்ணெய் கண்ணிலும் படக்கூடாது. "ஒரு கல்லு உப்பு நாக்குல பட்டாலும் மருந்து முறிஞ்சிடும்" என்றார். கண்ணை இழுத்துப் பார்த்து அவரே "போதும்" என்று சொல்லுகிற வரைக்கும் அப்படித்தான். அத்தைக்கு இது வேதவாக்கு. "வாயக் கட்டுனாதான் நோயக் கட்ட முடியும்" என்று சொல்லிக்கொண்டே தினமும் உப்பில்லாக் கஞ்சியைக் கிண்டிக் கொட்டினாள்.

உப்பில்லாத கஞ்சியை நீங்கள் குடித்துப் பார்த்ததுண்டா? முதல் வாய் போகும். இரண்டாவது வாய், சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி தொண்டையில் அப்பிக்கொள்ளும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நெய்யில் மிளகும் முந்திரியும் பொரிகிறது, இந்தப் பக்கம் என் தட்டில் சுண்ணாம்பு. முதல் நாள் மத்தியானம் நான் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அழுதேன். அத்தை அதட்டினாள், கெஞ்சினாள், பக்கத்துத் தெருவில் முறுக்கு தின்று மறுபடியும் மஞ்சளாகிப்போன பையன் கதையைச் சொன்னாள். நான் மசியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். சட்டையெல்லாம் சால்னா வாசனை. என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் அதயே ஊத்துடி."

"யோவ், உனக்கு இன்னா காமாலையா?"

"ஊத்துடின்றேன். மருமவனே, உனக்கும் எனக்கும் பந்தயம். யாரு மொதல்ல உப்பு துன்றாங்களோ அவங்க தோத்தாங்கோலி. இன்னா, சரியா?"

மாமாவைத் தோற்கடிப்பது என்றால் சும்மாவா! நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்து முடித்தேன். மாமாவும் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். அன்று முதல் மத்தியானக் கஞ்சி எனக்கும் அவருக்கும் பொது. காலையில் ஓட்டலில் அவருக்கென்று இருக்கும் இட்லியையும் விட்டுவிட்டார். "ருசி பாக்கும்போது உப்பு படுமே மாமா?" என்று ஒரு நாள் மடக்கினேன். "துப்பிடுவேன் மருமவனே, சத்தியமா" என்று தலையில் கை வைத்தார். அத்தை மட்டும் இந்தப் பந்தயத்தில் சேரவில்லை. "உங்க தியாகம்லாம் எனக்கு வேணாம்பா" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் ஊறுகாய் பாட்டிலை மறைத்து வைத்திருந்து அங்கேயே போய்ச் சாப்பிட்டு வருவாள்.

எனக்கோ பகலெல்லாம் வேலை மூக்குக்குத்தான். பொங்கலுக்கு நெய் காய்வது, சாம்பாருக்குப் பெருங்காயம் விழுவது, வடை திருப்பிப் போடப்படுவது, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது. சால்னாவில் தேங்காய் ஊற்றுவதற்கு முன் ஒரு வாசனை, ஊற்றிய பின் வேறு வாசனை. உடம்பு தேறினால் எதை எதற்கு அடுத்து சாப்பிட வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தேன். வரிசையின் உச்சியில் எப்போதும் சால்னாதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஓட்டலுக்குள்ளிருந்து வேறு மாதிரிக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன.

"இன்னா மாஸ்டரு, சால்னால உப்பு போட மறந்துட்டியா?"

"இது ஓட்டலா, ஆஸ்பத்திரியா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு தெரியாதா?"

மாமா கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். துப்புவார். "சரியாத்தான் இருக்குது" என்பார். அவருக்கு உண்மையிலேயே சரியாக இருந்தது, பிள்ளைகளே. அதுதான் சங்கடம். உப்பில்லாமல் இருந்து பழகிய நாக்குக்கு ஒரு கல் உப்பே பெரிய உப்பு. முன்பு இரண்டு கை போட்ட இடத்தில் அவர் கை ஒன்றோடு நின்றுவிட்டது. அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சாப்பிட வந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது; அவர்கள் ஒவ்வொருவராக எதிர்க் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அத்தைதான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு மத்தியானம், "யோவ், உன் நாக்கு செத்துப்போச்சு. பந்தயத்த வுட்டுட்டு ஒழுங்கா உப்பு துன்னு. வேல போயிடப் போவுது" என்றாள். மாமா கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் வுட்டா அவனும் வுட்டுடுவான்டி. கண்ணு இப்பதான் வெளுத்துக்கினு வருது" என்றார், முன்னாலேயே குடித்துவிட்டுப் படுத்த நான் தூங்குகிறேன் என்று நினைத்து. நான் தூங்கவில்லை. அதுவரை எனக்கு அது பந்தயம். அதற்கு அப்புறம் அப்படி நினைக்க முடியவில்லை.

அத்தை பயந்தது அன்று சாயங்காலமே வந்தது. முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் குரல் பெரிது. கல்லாவை விட்டு எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டார். "யோவ் மாஸ்டரு, மூணு டேபிள் சாப்புடாம எழுந்து போயிட்டாங்க. உனக்கு இன்னாய்யா ஆச்சு? குடிக்கிறியா? நாளைக்கும் இப்புடின்னா வேற மாஸ்டர் பாத்துக்கறேன்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். காரணம் சொன்னால் போயிற்று, சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"மொதலாளி, மாமா குடிக்கல! பத்தியம்! என்னோட சேர்ந்து பத்தியம்!"

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். கம்பிக்குப் பின்னால் மஞ்சள் முகம் ஒன்று. சுற்றிக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்கே வந்துவிட்டார். அத்தை பதறிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூலையில் இருந்த கஞ்சிச் சட்டியைத் திறந்தார், விரலை விட்டு நக்கிப் பார்த்தார், மூஞ்சி கோணிப்போயிற்று. பின்னாலேயே வந்து நின்ற மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தத் துன்னுட்டா என் சால்னாவ ருசி பாத்துக்கினு இருந்த? நீ பத்தியம் இருய்யா, யாரு வேணான்னா. என் கடைய ஏன்யா பத்தியத்துல வெக்கற?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். முதலாளி சிரிக்கவில்லை. "ஏம்மா, உன் நாக்கு நல்லாருக்குதா? நாளையிலேர்ந்து நீ வந்து ருசி பாரு. நீ சொன்னாதான் சட்டி எறங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அடுப்படியில் போய் நின்றாள். உள்ளங்கையில் சொட்டு விட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு கை" என்பாள். "உப்பளத்தயே கொட்டச் சொல்றியேடி" என்று மாமா முனகுவார். இத்தனை வருஷமாகத் தன் நாக்கை நம்பியே சட்டி இறக்கிய மனிதருக்கு, அதே நாக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல உப்பை அள்ளிப் போடுவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அள்ளிப் போட்டார். எதிர்க் கடைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மத்தியானம் மாமா என் எதிரே உட்கார்ந்து கஞ்சியும் குடித்தார்.

ஒரு காலை வைத்தியர் என் கண்ணை இழுத்துப் பார்த்து, "போதும்டா, உப்பு துன்னு. ஆனா இட்லியிலேர்ந்து ஆரம்பி" என்றார். அன்று சாயங்காலம் நான் முதல் முறையாக ஓட்டல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. பக்கத்தில் மாமா, அவருக்கும் அன்றுதான் விடுதலை. முதலாளியே இரண்டு இலை போட்டு, சூடான இட்லி வைத்து, ஒரு கரண்டி சால்னாவும் ஊற்றினார். எத்தனையோ நாள் மூக்கால் குடித்த அதே சால்னா. பிய்த்துத் தோய்த்து வாயில் வைத்தேன்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமாவைப் பார்த்தேன். அவருக்கும் அதே கதி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "உப்பு ஜாஸ்தி!"

அடுப்படியிலிருந்து அத்தை குரல் வந்தது: "ரெண்டும் வாய மூடிக்கினு துன்னுங்க!"

தின்றோம். இரண்டாவது இட்லிக்குள் உப்பு அடங்கிவிட்டது, மூன்றாவதில் தேங்காய் தெரிந்தது, நான்காவது கேட்டபோது அத்தை கொடுக்கவில்லை. ஊருக்குத் திரும்புவதற்குள் நான் போட்டு வைத்திருந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக முடித்தேன். மூக்கு சொன்னதெல்லாம் உண்மை இல்லை என்பதும் தெரிந்தது; வாசனையில் பெரிய ஆளாக இருந்த வடை வாயில் சுமார்தான். வாசனையே இல்லாமல் மூலையில் கிடந்த தேங்காய்ச் சட்னி என்னை மயக்கிவிட்டது.

இப்போது நான் வெள்ளிமலைக்கு வேன் ஓட்டுகிறேன். கள்ளக்குறிச்சியில் அந்த ஓட்டல் இல்லை; செல்போன் கடை இருக்கிறது. சந்துப் பக்கம் போனால் அத்தை குடியிருந்த அறையின் பின்சுவரில் அந்த ஜன்னலை அடைத்துப் பூசிய சிமெண்ட் மட்டும் சதுரமாகத் தெரிகிறது. மாமாவும் இல்லை. அத்தை இருக்கிறாள், பிரஷர் என்று டாக்டர் அவளுக்கு உப்பைக் குறைத்துவிட்டார். அவள் அவரைத் திட்டாத நாள் இல்லை.

போன மாதம் என் மகளை அருவி பார்க்க அதே மலையில் இருக்கிற கரியாலூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு அம்மா வீட்டு முன்பக்கத்தில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார். மலையேறும்போதெல்லாம் நான் நிற்கிற இடம். அன்று சாம்பாரில் உப்பே இல்லை. "சொல்லுப்பா" என்று மகள் முழங்கையால் இடித்தாள். நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "வூட்டுல யாருக்குனா ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டேன்.

அவர் திகைத்துப் போனார். "இல்லீங்களேண்ணா, ஏன்? ஐயோ, உப்பு போட மறந்துட்டனா!" என்று தலையில் அடித்துக்கொண்டு உப்புக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். மகள் மலை இறங்குகிற வரைக்கும் சிரித்தாள். அப்போதுதான் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன், இப்போது உங்களுக்கும்.

அடுத்த முறை நான் தனியாகப் போய் அங்கே உட்கார்ந்தேன். அந்த அம்மா சாம்பாரை ஊற்றிவிட்டு நகராமல் அங்கேயே நின்றார்.

"ருசி பாருங்கண்ணா. எங்க வூட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்குறோம்."