கூரைக்கடியில் உறைந்த கொலு

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே ரயில் நிலையத்துக்கு என்னை அழைத்துப் போக வந்த என் கணவர், என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் தகரப் பெட்டியைத்தான் பார்த்தார்.

"இதுல என்ன?"

"பொம்மைங்க. கொலு பொம்மை."

"குளிர் ஊரு, கம்பளி கொண்டு வான்னு லெட்டர் எழுதினா, களிமண்ணைக் கொண்டு வந்திருக்கே."

பம்பாயில் கப்பல் ஏறி, இத்தாலியில் இறங்கி, இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி ஒரு வருஷம் பிரிந்திருந்த கணவன் மனைவியின் முதல் பேச்சு இதுதான். அன்றைக்கே எனக்கு அவர் மேல் ஒரு கசப்பு விழுந்தது.

அந்தப் பெட்டியில் இருபத்தொரு பொம்மைகள் இருந்தன. யாரும் சீதனமாகத் தந்ததில்லை. சென்னையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில், ஒவ்வொரு நவராத்திரிக்கும் நானே தேடித் தேடி வாங்கியவை. பெரிய பக்தி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சாமி பொம்மை ஏழுதான், மற்றவை மனிதர்கள். பாம்பாட்டி, செட்டியாரும் செட்டிச்சியும், மாவாட்டுகிற பெண், சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர். அந்தப் போலீஸ்காரருக்கு ஒரு கண் கொஞ்சம் பெரியது. செய்தவரின் கை தவறியிருக்கும். அதற்காகவே வாங்கினேன். எனக்கென்று நான் சேர்த்த பொருள் உலகத்தில் அது ஒன்றுதான்.

நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் மூன்றாவது மாடி. கீழே வீட்டுக்கார அம்மாள், தனிக்கட்டை, வாரம் ஒருமுறை மாடிப்படியைத் துடைக்கும் முறை யாருடையது என்று கதவைத் தட்டிச் சொல்பவர். எங்களுக்கு ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. சமையலறையில் மட்டும் நிலக்கரி அடுப்பு. படுக்கையறையில் சூடு கிடையாது. குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே பனி பூத்திருக்கும். அந்த ஊரில் எல்லார் வீடும் அப்படித்தான், அதில் புகார் சொல்ல ஒன்றுமில்லை என்று கணவர் சொன்னார். அவர் எதற்குமே புகார் சொல்லமாட்டார். அவருக்குப் புகார் என் மேல் மட்டும்தான்.

அவர் ஆராய்ச்சி என்ன தெரியுமா? செங்கல். செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, குளிர்ப்பெட்டியில் உறையவைத்து, மறுபடி இளகவைத்து, எத்தனை தடவையில் வெடிக்கிறது என்று எண்ணுவார். அதற்குச் சம்பளம், மரியாதை, டாக்டர் பட்டம் எல்லாம் உண்டு. ஊரிலிருந்து வரும் கடிதங்களில் என் மாமனார், "பிள்ளை ஜெர்மனியில் பெரிய விஞ்ஞானம் செய்கிறான்" என்று எழுதுவார். நான் பதில் எழுதும்போது, ஆமாம், செங்கல்லுக்கு ஜலதோஷம் பிடிக்க வைக்கிறார் என்று எழுதத் துடிப்பேன், எழுதியதில்லை.

முதல் வருஷம் கொலுவுக்குப் படி அமைக்க இரண்டு சூட்கேஸும் ஒரு மரப்பெட்டியும் போதுமாயின. மேலே வெள்ளை விரிப்பு. வீட்டுக்கார அம்மாள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்று பார்த்தார். இவர்கள் எல்லாரும் கடவுளா என்று போலீஸ்காரரைக் காட்டிக் கேட்டார். கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். இல்லை, சில பேர் வேலைக்குப் போகிறவர்கள் என்றேன். அந்த அம்மாளுக்கு அது பிடித்துவிட்டது. சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கணவரோ, விருந்தாளி போன பிறகு, "இதெல்லாம் இவங்க முன்னாடி வேணுமா?" என்றார். அவருக்கு வெட்கம். தன் பேராசிரியர் காதுக்குப் போனால் நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைப்பாராம்.

விஜயதசமி முடிந்ததும் பொம்மைகளைப் பழைய வைக்கோலிலும் செய்தித்தாளிலும் சுற்றி, பெட்டியை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் மேலே நடுங்கினோம், அவை கீழே கிடந்தன. ஒன்றுக்கும் ஒரு கீறலில்லை. மறு வருஷம் திறந்தபோது பாம்பாட்டியின் மகுடிகூட உடையாமல் இருந்தது. அதனால் குளிரைப் பற்றிய பயம் எனக்கு விட்டுப் போயிற்று. தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாம் வருஷம் கொலு நடந்துகொண்டிருந்தபோதே, அடுப்புப் பற்றவைக்க என் வைக்கோலையும் செய்தித்தாளையும் கணவர் எடுத்து எரித்துவிட்டார். கேட்டதற்கு, "பேப்பர்தானே" என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: கட்டிலுக்கு அடியில் தன் தீசிஸ் பேப்பர்களை வைக்கவேண்டும், பொம்மைப் பெட்டி கூரைக்கடியில் இருக்கும் அறைக்குப் போகட்டும். அது எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான இடம். துணி உலர்த்தும் கொடியும் உடைந்த நாற்காலிகளும் அங்கேதான். மேலே வெறும் ஓடு. மூன்று நாள் சண்டை போட்டேன். நான்காம் நாள், தொலையட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

வைக்கோல் இல்லாதபோது பொம்மையை எடுத்து வைப்பதற்கு எனக்கு ஒரு முறை உண்டு. ஈரத்துணியால் முகம் துடைத்து, துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றுவேன். சென்னையில் வேட்டியைக் காயப்போட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் காய்ந்துவிடும். எடுக்கும்போது கையைச் சுடும், மொடமொடவென்றிருக்கும். இங்கே கூரையறைக் கொடியில் மூன்று நாள் தொங்கவிட்டேன். தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. ஆனால் இந்த ஊரில் எல்லாத் துணியும் சில்லென்றுதானே இருக்கிறது? அலமாரியில் மடித்து வைத்த புடவையும் சில்லென்றுதான் இருந்தது, தலையணையும் அப்படித்தான். ஈரம் எது, குளிர் எது என்று வெயிலில் வளர்ந்த என் கைக்குத் தெரியவில்லை. காய்ந்துவிட்டது என்று எண்ணிச் சுற்றினேன். இருபத்தொன்றையும் சுற்றினேன்.

பெட்டியை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படியேறினோம். மூடி சரியாக மூடாமல் ஒரு வேட்டி முனை வெளியே தொங்கியது. கூரையறைச் சாவியோடு மேலே காத்திருந்த வீட்டுக்கார அம்மாள் அந்த முனையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கணவரிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு அப்போது கடையில் பால், ரொட்டி கேட்கிற அளவு ஜெர்மன்தான்.

"என்ன சொல்றாங்க?"

"ஜாக்கிரதையா தூக்கச் சொல்றா" என்றார் கணவர். அவரும் அந்த முனையைத் தொட்டு உள்ளே தள்ளி, மூடியை அழுத்தி மூடினார்.

டிசம்பர் பாதியில் கடும் குளிர் இறங்கியது. பகலில் வெயில் அடிக்கும், ஓட்டின் மேல் பனி உருகிச் சொட்டும். ராத்திரி எல்லாம் கல்லாகும். எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைக் கீழே கொண்டு வரலாம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தமிழ் மாணவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவர் அவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டீங்களா? பொம்மைக்குக் குளிருதாம். அடுத்த வாரம் ஸ்வெட்டர் பின்னப் போறா."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டியை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை என்பதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், அவர் வேலைக்குப் போனதும் நான் வீட்டுக்கார அம்மாளிடம் போய்ச் சைகையில் சாவி கேட்டேன். மேலே போய்ப் பெட்டியைத் திறந்தேன். வேட்டித் துணி அப்பளம் போல் விறைத்திருந்தது. ஒன்றைப் பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை; பொம்மையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சரி, கீழே போய்ச் சூட்டில் பிரிக்கலாம் என்று நான்கு நடையில் இருபத்தொன்றையும் சமையலறைக்குக் கொண்டு வந்து, அடுப்பைச் சுற்றி வரிசையாக வைத்தேன். குளிரில் கிடந்த குழந்தைகளுக்குச் செய்வது போலத்தான் செய்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

அரை மணியில் துணி இளகியது. பிரித்தேன். செட்டியாரின் முகம் துணியோடு வந்துவிட்டது. மூக்கு, மீசை, விபூதிப் பட்டை எல்லாம் மேல் மண்ணோடு துணியில் இருந்தன. பொம்மையின் கழுத்துக்கு மேல் வெறும் செம்மண். பயந்து, மற்றவற்றின் துணியை மட்டும் மெல்ல விலக்கிவிட்டு, பொம்மையைத் தொடாமல் விட்டேன். தொடாமலே உதிர்ந்தன. பனிதான் அதுவரை அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது தண்ணீரானதும் பிடி போயிற்று. சரஸ்வதியின் வீணை விழுந்தது. மாவாட்டுகிற பெண் இரண்டாகப் பிளந்தாள். போலீஸ்காரரின் அந்தப் பெரிய கண் இருந்த கன்னம், ஒரு பொருக்காக உரிந்து என் காலடியில் விழுந்தது. நான் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். கீழே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

சாயங்காலம் கணவர் வந்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு துண்டை எடுத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு ஆர்வம் இருந்தது.

"பாரு, லேயர் லேயரா வந்திருக்கு. சூளையில சரியா வேகாத மண்ணு. நல்லா தண்ணி குடிச்சிருக்கு. அன்னைக்கு அந்தத் துணி அவ்வளவு ஈரமா இருந்துதே."

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஈரமா இருந்துதா? உங்களுக்குத் தெரியுமா?"

"தொட்டேனே. கீழ் வீட்டம்மாவும் சொன்னா, ஜாக்கிரதையா தூக்குங்க, ஈரத்தோட வெச்சா உறைஞ்சு வெடிச்சிடும், அடுப்புக்கிட்ட ரெண்டு நாள் காயவெச்சு அப்புறம் கொண்டு வாங்கன்னு."

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

அவர் துண்டைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அது ஒன்றுதான் அவரிடம் இருந்த நல்ல குணம், அதுவும் அன்று எனக்குக் கெடுதலாகவே வந்தது.

"சொன்னா பெட்டி மறுபடியும் ரூமுக்குத்தான் வரும். இன்னும் ஒரு வாரம் சண்டை. எனக்கு தீசிஸ் இருக்கு" என்றார். துண்டை மறுபடி கையில் எடுத்து, "ரெண்டு மூணு பீஸ் லேபுக்கு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

எடுத்துக்கொண்டார். மீதியை ஒரு வாளியில் அள்ளி, வீட்டுக்கார அம்மாளின் தோட்டத்தில், பனிக்காலம் போய் மண் இளகிய பிறகு கொட்டினேன். அந்த அம்மாள் மண்வெட்டியைக் கொண்டுவந்து தந்தார். அன்று முதல் பிடிவாதமாக அவரிடமே ஜெர்மன் கற்றேன். என் கணவரின் மொழிபெயர்ப்பு இனி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எழுபதுகள் பிறந்து சில மாதங்களில் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. தீசிஸ் புத்தகமாக வந்தது. ஒரு பக்கத்தில், பெரிதாக்கிய படம்: பொருக்கு உரிந்த ஒரு கன்னம், அதில் பாதிக் கண். முன்பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், மாதிரிகளைத் தந்து உதவிய என் மனைவிக்கு என்று ஒரு வரி. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று சொல்வார்களே, அதை அச்சில் ஏற்றிக் கொடுத்தார்.

பேராசிரியர் வீட்டில் விருந்து. அவர் என் பக்கம் வந்து, அந்தப் படம் மிக அழகானது, உறைபனிச் சேதத்தை இத்தனை தெளிவாகத் தான் பார்த்ததில்லை, ஆய்வுக்கூடத்தில்கூட இப்படி வராது, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். சுற்றிலும் பத்துப் பேர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஜெர்மனில் சொன்னேன்:

"அவை என் பொம்மைகள். துணி ஈரம் என்று என் கணவருக்குத் தெரியும். என்னிடம் சொல்லவில்லை."

பேராசிரியர் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பொய் சொல்லத் தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேராசிரியர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

டிராமில் திரும்பும்போது, "என் மானத்தை வாங்கிட்டே" என்றார் கணவர்.

"ஒரே ஒரு வார்த்தை. ஈரம்னு சொல்லியிருந்தா போதும்."

"மண்ணு பொம்மைடி அது. ஊருக்குப் போனா நூறு வாங்கித் தரேன்."

வாங்கித் தந்தார். ஊருக்குப் போனபோது ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். நான் அதைப் பிரிக்கவே இல்லை. அவரோடு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்தேன். சமைத்துப் போட்டேன், ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டேன், கடைசியில் கண்ணையும் நானே மூடினேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், எவ்வளவு நல்ல மனிதர் என்றார்கள். கெட்டிக்காரர் என்றேன் நான். நல்லவர் என்று சொல்ல அன்றும் எனக்கு வாய் வரவில்லை.