அவுக்கக் கூடாத முடிச்சு

பாதயாத்திரைக் கூட்டத்துக்குப் பின்னாடி மூட்டை வண்டி ஓட்டுற பொழப்பு இருக்கே, எதிரிக்கும் வேண்டாம். நடக்கிறவனுக்குப் புண்ணியம், நமக்கு முதல் கியரும் முதுகு வலியும். பரமக்குடியிலருந்து ராமேஸ்வரம் வரைக்கும் என்னை மாதிரி ஊர்ந்தவங்களுக்கு நான் சொல்லணுமா என்ன! இந்த ரிட்டையரான புருசன் பொண்டாட்டிக ஏன்தான் கிளம்பி வாராகளோன்னு எனக்கு ரொம்ப நாளா எரிச்சல்; மெதுவா நடந்தா பின்னாடியே நின்னு ஹாரன் அடிப்பேன்.

கொப்புளம்

சத்திரக்குடிகிட்ட ஒரு பெரியவர், தாலுகா ஆபீஸ்ல இருந்தவர், பாதம் பூரா கொப்புளத்தோட உக்காந்திருந்தார். அவர் சம்சாரம் மருந்து தடவிக்கிட்டிருந்தாக. "வீட்டுல ஃபேன் காத்துல கெடக்காம இது தேவையாண்ணே?"ன்னேன். அந்தம்மாதான் சொன்னாக: "வீட்டுல இருந்தா மகன் ஃபோன் பண்ணுவானான்னு பாத்துக்கிட்டே இருக்கணும் தம்பி. இங்கன நடக்குறப்ப, வராட்டியும் தெரியல."

கல்யாணக் கோலம்

அதே கூட்டத்துல சண்முகம் அண்ணன். கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையரானவர். தன் துண்டு நுனியையும் சம்சாரம் பூரணம் அக்கா சேலைத் தலைப்பையும் முடிச்சுப் போட்டுத்தான் நடப்பார். ஏதோ வேண்டுதல்னு நெனச்சு, வழியில சனம் கால்ல விழுந்து துன்னூறு வாங்கும். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னண்ணே, இன்னும் மாப்பிள்ளைன்னு நெனப்பா?"ன்னு கேட்டுட்டேன்.

அவர் சிரிக்கல. "அவளுக்கு ஞாபகம் போயி மூணு வருசமாச்சு தம்பி. கதவத் திறந்தா எங்கிட்டாவது நடந்துருவா. பூட்டி வச்சா கதவுல தலைய முட்டுறா. ஊருக்குள்ள நடந்தா பைத்தியம்கிறான், இந்த ரோட்டுல நடந்தா சாமிங்கிறான்."

ஒரே ஒரு வார்த்தை

ராமநாதபுரம் தாண்டினதும் அண்ணன் நெஞ்சத் தடவ ஆரம்பிச்சார். ரெண்டு பேரையும் வண்டியில ஏறச் சொன்னேன். வண்டிக் கதவத் திறந்ததும் அக்கா போட்ட அலறல்ல ரோடே நின்னுபோச்சு. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "விட்டுரு தம்பி. ஒண்ணு மட்டும் மனசுல வையி. நான் விழுந்தா முடிச்ச அவுக்காத. அவுத்தா அவ போயிருவா."

பாலத்து மேல

மண்டபம் வாரதுக்கு முன்னாடியே விழுந்துட்டார். நிழலுக்குத் தூக்குற பதட்டத்துல நானேதான் முடிச்ச அவுத்தேன், பாவி! ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுத் திரும்பினா அக்காவக் காணோம். தூரத்துல ரோட்டோட போய்க்கிட்டிருந்தாக. அண்ணன்கூட ஏறப்போன நான் அத விட்டுட்டு அக்கா பின்னாடி ஓடினேன். கையப் பிடிச்சா உதறுறாக, திரும்ப மாட்டேங்கிறாக. வண்டிச் சாவியக் கூட்டத்துச் சமையக்காரர்ட்ட குடுத்துட்டு, என் துண்டை அவுக தலைப்போட முடிஞ்சு கூடவே நடந்தேன்.

பாம்பன் பாலத்து மேல ஃபோன் வந்துச்சு. அண்ணன் போயிட்டார். பக்கத்துல சொந்தம்னு ஒரு ஆளு இல்லாமப் போயிட்டார். அழுதுக்கிட்டே நின்னுட்டேன். அக்கா துண்டை ஒரு இழு இழுத்தாக: "என்னங்க நின்னுட்டீக? வெயில் ஏறுது, நடங்க."

அன்னையிலருந்து, ஏன் நடக்குறீகன்னு கேக்கிறத விட்டுட்டேன், பின்னாடி நின்னு ஹாரன் அடிக்கிறதையும்.