கூட்டாமல் குறைக்காமல்

நாற்பத்தாறு வயதில் மறுபடியும் வகுப்பில் போய் உட்காருவது எவ்வளவு வெட்கக்கேடு என்று, உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை என் மூத்த மகளோடு ஒன்றாகப் படித்தவள். என்னைக் கண்டதும், மகளைச் சேர்க்க வந்தீர்களா ஆன்ட்டி என்று கேட்டாள். இல்லை, நானும் படிக்கத்தான் வந்தேன் என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொப்பியைத் திறந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே எழுந்து வீட்டுக்குப் போக மடவளை பஸ்ஸைப் பிடித்திருப்பேன். வீட்டு நிலைமை விடவில்லை.

அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் நான் கல்யாண புரோக்கர். மடவளை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஒரு வீட்டில் சொன்னதை மற்ற வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் என் தொழில். ஆனால் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோனால் ஊரில் ஒரு நிக்காஹ் நடக்குமா, நீங்களே சொல்லுங்கள். பெண்ணின் உம்மா, மாப்பிள்ளைக்கு மண்டையில் ஒரு முடிகூட இல்லையே என்பாள். நான் அங்கே போய், மாப்பிள்ளையைப் பார்த்தால் நிதானமான ஆளாகத் தெரிகிறதாம் என்பேன். மாப்பிள்ளை வீட்டார் பெண் குட்டை என்பார்கள். நான் இங்கே வந்து, பிள்ளை அடக்கமாக இருக்கிறதாம் என்பேன். இதில் என்ன பாவம்? இரண்டு பக்கமும் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். அப்படிச் சேர்த்து வைத்த ஜோடிகள் இன்றைக்கும் நன்றாகத்தான் வாழ்கிறார்கள்.

பிறகு போனில் கல்யாணம் பேசுகிற குரூப் வந்தது. உம்மாமார் வீட்டில் குந்திக்கொண்டே பெண்ணின் படத்தையும் படிப்பையும் பார்த்துத் தங்களுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். புரோக்கரை யார் தேடுவார்? கல்யாண வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் விட்டார்கள். எங்கள் வீட்டுக்காரருடைய துணிக்கடை கஷ்ட காலத்தில் மூடியது மூடியதுதான். அவருக்கு மூட்டு வருத்தம், ஒரு இடத்துக்கு வேலைக்குப் போக ஏலாது. சின்ன மகள்தான் போனில் அந்த வகுப்பைக் கண்டுபிடித்தாள். மொழிபெயர்த்துச் சொல்கிறவர்களுக்கான பயிற்சி. ஆஸ்பத்திரி, பொலிஸ், நீதிமன்றம் என்று சிங்களம் தெரியாமல் முழிக்கிற ஆட்களுக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டும். "உம்மா, ஒங்களுக்குத்தான் ரெண்டு பாஷையும் வாயில கொட்டுதே. அதோட, இதுவும் புரோக்கர் வேலைதானே" என்றாள். நானும் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படிப்பித்தவர் ஒரு சிங்கள அம்மா. பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டுப் படிப்பிக்க வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், ஆனால் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு ஒரே ஒரு சட்டம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அறைக்குள் யார் என்ன சொன்னாலும் அது அப்படியே மறுபக்கம் போக வேண்டும். நம்மைப் பார்த்துச் சொன்னாலும் சரி, திட்டினாலும் சரி, மறுபக்கம் போக வேண்டும். நமக்கென்று சொந்தமாக ஒரு சொல்லும் கிடையாது.

நான் படாத பாடு பட்டேன். ஒரு நாள் மிஸ் நோயாளியாக நடித்து, டொக்டராக இருந்த பிள்ளையைத் தமிழில் வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் சிங்களத்தில், இவருக்குக் கொஞ்சம் மனவருத்தம் என்றேன். வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. அவள் ஏசுகிறாள், நீங்கள் பூச்செண்டு கொடுக்கிறீர்கள் என்றார். இன்னொரு முறையும் அப்படித்தான் செய்தேன். இருபது வருஷம் பழகிய நாக்கு, ஒரு வாரத்தில் கேட்குமா? கடைசியில் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் நடக்கிற பயிற்சியிலும் இப்படிச் செய்தால் சர்டிபிகேட் கிடையாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். சமையலறையில் எங்கள் வீட்டுக்காரர் பேசுவதை மகளுக்கும் மகள் பேசுவதை அவருக்கும் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். இரண்டு பேருக்கும் என்னைக் கண்டாலே அலுத்துப்போனது.

பயிற்சி நாள் வந்தது. கண்டியில் ஒரு ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்ட்டு. மிஸ் என் பின்னால் நின்று கவனிக்க வேண்டும், அதுதான் பரீட்சை. எனக்குக் கிடைத்த நோயாளி ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டத்து ஆள். ஐம்பது வயது இருக்கும். சீனி வருத்தம், புண் ஆறாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது காலில் கத்தி பட்டிருக்கிறது. பெரிசாக எடுக்காமல் விட்டு, விரலெல்லாம் கறுத்துப்போய், அழுகல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மனைவி கட்டிலோடு ஒட்டி நின்றாள். டொக்டர் வரும்வரை அவளாகவே ஏதேதோ சொன்னாள். மகளுக்கு ஒரு இடம் பேசி முடித்திருக்கிறார்களாம், தீபாவளி கழிய கல்யாணமாம். கல்யாணம் என்றதும் என் காது தானாக நிமிர்ந்தது.

டொக்டர் வந்தார். இளம் ஆள், நல்ல பிள்ளை, ஆனால் களைத்துப்போயிருந்தார். அடுத்த கட்டில்களில் எல்லாம் ஆட்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம் உடம்பில் ஏறும், உயிருக்குப் பொறுப்பில்லை என்றார். நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த மனிதனின் முகத்தைப் பார்த்து அப்படியே சொன்னேன்.

அவர் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். பிறகு, "வேணாங்க" என்றார். "ஒத்தக் காலோட அந்த மலையில நான் என்னங்க செய்யிறது? கவ்வாத்து வெட்ட முடியுமா? கொழுந்துச் சாக்குத் தூக்க முடியுமா?"

இதையும் சொன்னேன். டொக்டர் தலையாட்டிவிட்டு, அது அவருடைய உரிமை, ஆனால் ஆபத்தை விளங்கிக்கொண்டாரா என்று கேட்டார். விளங்குது, வேணாம் என்றார் அவர்.

அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்கிறேன், அது வேணாம் இல்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காத வேணாமா? உண்மையாக வேணாம் என்கிறவன் காரணம் சொல்லமாட்டான். எழுந்து போவான், இல்லாவிட்டால் தேத்தண்ணி குடிங்க என்று பேச்சை மாற்றுவான். காரணம் சொல்கிறவன், அந்தக் காரணத்துக்கு யாராவது ஒரு பதில் சொல்லுங்களேன் என்று காத்திருக்கிறான். இன்னொரு தரம் கேட்டால் போதும், இறங்கி வந்துவிடுவான். அந்த மனிதன் சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டருக்கு அது எப்படி விளங்கும்? அவருக்கு வந்து சேர்ந்தது வெறும் சொல். அதையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதில் என் நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு வசனம். மிஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அந்த மனைவி என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. ஒங்க வீட்டு ஆளா இருந்தா என்ன செய்வீங்க?"

நான் டொக்டர் பக்கம் திரும்பினேன். மொழிபெயர்ப்பாளரின் வீட்டு ஆளாக இருந்தால் என்ன செய்வார் என்று மனைவி மொழிபெயர்ப்பாளரிடமே கேட்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். டொக்டர், அதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார். அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டாள். கட்டிலுக்குக் கீழே கிடந்த சாமான்களை எடுத்துப் பையில் போடத் தொடங்கினாள்.

அவர் தன் விருப்பத்தில் போவதாகக் கையெழுத்து வைத்தார். டிக்கட் வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பினார்கள். அவர்கள் வார்ட்டைவிட்டுப் போக முன்னமே அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வெளியே மிஸ் என் தோளில் தட்டி, ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, நீங்கள் பாஸ் என்றார். சரியான சந்தோஷம் அவருக்கு. எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. என்ன மனிதர்கள், என்ன சட்டம் என்று உள்ளுக்குள் கொதித்தது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நான் சொன்னதைக் கேட்டு அந்த மனிதன் வெட்டக் கொடுத்து, பிறகு ஏதும் ஆகிப்போனால் யார் பதில் சொல்வது? அதற்காகத்தான் அந்தச் சட்டம். எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

மிஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு ஓட்டோவைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஹுன்னஸ்கிரிய பக்கம் போகிற பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அவர் ஒரு கம்பியில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலைத் தரையில் படாமல் வைத்திருந்தார். அங்கே சட்டம் இல்லை, மிஸ் இல்லை. மூச்சு வாங்கப் போய் நின்று, வாயில் வைத்திருந்ததைக் கொட்டினேன்.

"மகளக் கட்டிக் குடுக்கிற அன்னைக்கு நீங்க ரெண்டு காலோட வரணும்னு யாரு கேட்டா? கதிரையில ஒக்காந்து பார்த்துக்கொண்டு இருந்தாப் போதும். வாங்க, திரும்பிப் போவோம். நான் வந்து பேசுறேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஆனால் கலங்கின கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து வைத்தாயிற்று, கட்டிலையும் வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று, இனி எந்த முகத்தோடு உள்ளே போவது என்றார். நான் அந்த முகத்தைப் பற்றியும் பேசினேன். கெஞ்சினேன் என்றே வையுங்கள். தலையால் தண்ணீர் குடித்தும் அவர் அசையவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால் அவ்வளவுதான். கல்யாணத்திலும் அப்படித்தான்.

மனைவிதான் கடைசியில் வாயைத் திறந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இத உள்ளுக்க வெச்சுச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் இவர வெளிய வர விட்டிருக்க மாட்டேன்க்கா."

பஸ் வந்துவிட்டது. அவள் முதலில் ஏறி மேலேயிருந்து அவர் கையைப் பிடித்தாள். அவரால் காலைத் தூக்கிப் படியில் வைக்க ஏலவில்லை. கண்டக்டர் அவசரப்படுத்தினான். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். நான் குனிந்து, கட்டுப்போட்ட அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தேன்.