பட்டனுக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் லேப்டாப்புக்கும் பொட்டு உண்டு. புத்தகங்களோடு அதையும் படத்துக்கு முன்னால் வைத்து, மூடியின் ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். இத்தனை வருடங்களில் இதனால் எந்த வம்பும் வந்ததில்லை. இந்த முறை என் மனைவிக்குப் புதிதாக ஒரு யோசனை. மூடியே வைத்திருந்தால் சரஸ்வதி எதைப் பார்த்து ஆசீர்வாதம் செய்வாள் என்று கேட்டு, அதைத் திறந்து வைத்தாள். திறந்த பிறகு பொட்டுக்கு ஒரு இடம் வேண்டுமே. வலது மூலையில் இருக்கிற ஆன் பட்டனைத் தேர்ந்தெடுத்தாள். பன்னீரைத் தாராளமாக விட்டுக் குழைத்த சந்தனம். நான் பக்கத்தில் நின்று மணி அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது புழங்க வேண்டும் என்பது வழக்கம். பட்டனை அமுக்கினேன். சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது, உள்ளே விசிறி லேசாக முனகியது, அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடியும் அமுக்கினேன், மறுபடியும் அதே கதைதான். சார்ஜரை ஹாலில் மாட்டிப் பார்த்தேன், பெட்ரூமில் மாட்டிப் பார்த்தேன், கடைசியில் மிக்ஸி போடுகிற பிளக் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். மனைவி அதை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். எங்கள் பழைய டிவிக்கு அவள் செய்துவந்த வைத்தியம் அது.

அது ஓடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லேப்டாப் எங்கள் மகளுடையது. காலேஜுக்கு வாங்கிக் கொடுத்தது. கனடாவுக்குப் போனதும் அவள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள், இது எங்களிடம் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவளுக்கு அது காலை, நாங்கள் இதைச் சாப்பாட்டு மேஜை மேல் திறந்து வைப்போம். அவள் தன்னுடையதைச் சமையல் மேடை மேல் வைப்பாள். அப்புறம் யாரும் பேச மாட்டோம். அவள் ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் சமைப்பாள். என் மனைவி இங்கே சாம்பார் வெங்காயம் உரிப்பாள். நான் காலையிலேயே படித்து முடித்த பேப்பரை மறுபடியும் படிப்பேன். அங்கே குழாய் திறக்கிற சத்தம் கேட்கும், தாளிக்கிற சத்தம் கேட்கும். "அம்மா, இவ்ளோ புளி போதுமா?" என்று ஒரு கை நீளும். இவள் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே.

போனில் இது நடக்காது. அதைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம், சரிந்து சரிந்து அவளுக்கு எங்கள் வீட்டு மின்விசிறியைத்தான் காட்டியது. கையில் பிடித்தால் பேசியே ஆக வேண்டியிருக்கிறது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான், சரி வைக்கட்டுமா. எனக்கு அவளோடு பேச வேண்டும் என்றுகூட அவ்வளவாக இல்லை. அவள் வீட்டுக்குள் நடமாட வேண்டும். அதற்குத்தான் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. சில வாரங்களாக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இந்த ஞாயிறு லீவு என்று சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் அந்த வாரமே ஓடிக்கொண்டிருந்தது.

மகளையே போனில் பிடித்தோம். "அப்பா, சார்ஜரைக் கழட்டிட்டு பட்டனை நல்லா அழுத்திப் பிடிங்க. கொஞ்ச நேரம் விடாதீங்க," என்றாள். பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. போன் கேமராவை அதன் பக்கம் திருப்பச் சொன்னாள்.

"என்னப்பா அது, மஞ்சளா?"

"சந்தனம்டி," என்றாள் மனைவி. "நல்ல நாளும் அதுவுமா பொட்டு வெக்கறது ஒரு குத்தமா?"

"பட்டன் மேலயாம்மா வெப்பாங்க?" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும், "பரவால்லப்பா, ஞாயித்துக்கிழமை போன்லயே பேசிக்கலாம்," என்றாள். அவள் அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மனைவி ஈரத்துணியால் பட்டனைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்பைப் பூத்துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறினோம். அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூர் கூப்பிடு தூரம்தான். ஆனால் மெட்ரோ வேலைக்காக லஸ் முனையைத் தோண்டிப் போட்டிருப்பதால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ரிப்பேர் கடை. கடைக்காரர் விளக்கை இழுத்து, பட்டன் இடுக்கில் இன்னும் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பட்டனுக்கே பொட்டா?" என்றார். "பூஜை முடிஞ்சா இது மாரி வந்துக்கினேதான் கீது. போன வருசம் ஒர்த்தரு கீபோர்டு மேல பொரிய கொட்டி எடுத்தாந்தாரு."

பட்டன் அமுங்கினபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உயிர் வந்து வந்து போகிறது என்றார். ஈரம் உள்ளே இறங்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும், இறங்கியிருந்தால் போர்டு போச்சு, திறந்தால்தான் தெரியும். "திங்கக்கெழம வாங்க சார்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணுமே," என்றேன்.

"ஞாயித்துக்கெழம ஆபீஸா சார் உங்களுக்கு?"

"பொண்ணு வருவா," என்றாள் மனைவி. பேசுவாள் என்று சொல்லவில்லை, வருவாள் என்றுதான் சொன்னாள், நான் திருத்தவில்லை. கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னார்.

அன்று இரவும் மறுநாள் முழுவதும் மனைவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று அவளுக்கு. நானும் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை கடையில் பட்டனை அமுக்கிக் காட்டினார்கள். திரை வெளிச்சமாகி, மகள் எப்போதோ வைத்துவிட்டுப் போன கடற்கரைப் படம் வந்தது. மனைவி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் மேஜை மேல் திறந்து வைத்தோம். அந்தச் சமையலறை வந்தது, கலைந்த தலையோடு அவளும் வந்தாள். "அப்பாடா, வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காய் நறுக்கத் திரும்பிக்கொண்டாள். இவள் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் பேப்பரை விரித்தேன். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீடு மறுபடியும் மூன்று பேர் இருக்கிற வீடாக இருந்தது.

குக்கர் ஒரு விசில் விட்டது. இன்னொன்று விட்டது. மூன்றாவது விசிலுக்கு மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். நாங்கள் அன்று மத்தியானத்தோடு சமையலை முடித்துவிட்டிருந்தோம். நான் அவளைக் கூப்பிடவில்லை. உள்ளேயிருந்து அடுப்புக் குமிழைத் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

மகள் திரும்பிப் பார்த்தாள். "அம்மா எங்கப்பா?"

"உன் குக்கரை நிறுத்தப் போயிருக்கா," என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். வெகு நேரம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.