அம்மா கையால் ஒரு டம்ளர் தண்ணீர்

ஒருநாள் காலையில் அம்மாவின் செருப்பு அம்மாவின் காலிலேயே நுழையவில்லை. பாதம் பன் மாதிரி உப்பியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களில் கால் வீங்காத ஆள் யார் என்று நாங்கள் விட்டுவிட்டோம். நீங்கள் அப்படி விடாதீர்கள். முகமும் வீங்கிய பிறகுதான் வண்டிப்பெரியாரில் பஸ் ஏறி, குமுளி வழியாக மலையிறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் தேங்கிவிடும் கழிவு) எகிறிக் கிடந்தது. இரண்டு சிறுநீரகமும் காலி.

டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திருப்பி ஏற்றுவது) ஆரம்பித்தார்கள். அதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி ஏற்ற வசதியாகத் தமனியையும் சிரையையும் ஒன்றாகத் தைப்பது) வைத்தார்கள்.

"தினம் காலையில இதுமேல விரல் வச்சுப் பாரும்மா. ரத்தம் விர்ருன்னு ஓடணும். ஓடலைன்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்துரணும்," என்றார் டாக்டர் என்னிடம். "இது அடைச்சுட்டா மிஷின்ல போட வழி இல்ல. அப்புறம் தண்ணி. ஒரு நாளைக்கு இந்த ஒரு பாட்டில்தான். டீ, ரசம், கஞ்சி எல்லாம் இதுக்குள்ள."

சின்ன வேலைதான். ஆனால் எனக்கும் அம்மாவுக்கும் தொடுகிற பழக்கமே கிடையாது. எனக்குச் சோறு ஊட்டியது அப்பா. தலை பின்னியது பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவிடம் தண்ணீர் கேட்டால்கூட, "பானை அங்கனதான இருக்கு, போயி மோந்து குடி" என்பாள். காலேஜில் தோழிகளிடம் "எங்கம்மா ஒரு செல்ஃப் சர்வீஸ் ஹோட்டல்" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

இப்போது நான் விரலை நீட்டினாலே கையை இழுத்துக்கொண்டாள். அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டி விரல் காய்த்துப்போனவர். "கரண்டு கம்பியத் தொட்டாக்கூட எனக்குத் தெரியாது. நீயே பாருடி," என்று ஒதுங்கிவிட்டார்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கத்தினேன். "சாகணும்னே இருக்கியா? கையக் குடும்மா!"

"இந்தக் கை ஆகாதுடி."

"என்ன ஆகாது? லூசு மாதிரிப் பேசாத."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சாந்தன்பாறையில் ஏலக்காடு. அவளுடைய அம்மா காட்டுக்குள் வேலைக்குப் போய்விட்டால் கைக்குழந்தைத் தம்பியை இவள்தான் பார்க்க வேண்டும். ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து கேன் காலியானால், சாம்பல் போட்டுக் கழுவி, குடிக்கிற தண்ணீர் பிடித்து வைப்பார்களாம். நல்ல மூடி, நல்ல கைப்பிடி. தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. அன்றைக்கு, அப்போதுதான் மருந்து காலியான ஒரு கேன்.

"எங்கம்மா கழுவித்தான் வச்சிட்டுப் போச்சு. தம்பி அழுதான். நான்தான் டம்ளர்ல ஊத்திப் பொகட்டுனேன். சப்புக்கொட்டிக் குடிச்சான்."

ஜீப் வருவதற்குள் தம்பிக்கு வாயில் நுரை தள்ளி, முடிந்துவிட்டது.

"எங்கம்மா என்னைய அடிக்கல, வையல. சாகுற வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. அம்புட்டுத்தான்."

"கேன்ல இருந்த மருந்தும்மா அது. நீ என்ன பண்ணுவ?"

"எனக்குத் தெரியும்டி. கைக்குத் தெரியலையே."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வயது ஆக வேண்டுமா என்று. அம்மா திரும்பாமலே இடது கையை என் மடிப்பக்கம் நகர்த்தினாள். விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் தேனீயைப் பிடித்து அடைத்தது போல இரைந்தது.

அதன் பிறகு காலை என்றால் எனக்கு அந்த இரைச்சல்தான். கிழமைகள் போய்விட்டன, மிஷின் நாள், மிஷின் இல்லாத நாள் என்று இரண்டுதான் மிச்சம். கொஞ்ச நாளாக இரைச்சல் சன்னமாகிக்கொண்டே வருகிறது. ரத்தக்குழாய் சுருங்குகிறது, இதயமும் களைத்துவிட்டது என்கிறார் டாக்டர். வலது கையில் வைத்தாலும் எவ்வளவு நாள் என்று அவர் சொல்லவில்லை.

நேற்று மதியம் வெயிலில் கடைக்குப் போய்விட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே தன் பாட்டிலைத் திறந்தாள். கால் பாட்டில் இருந்தது. அதை டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"குடி."

"உனக்குச் சாயங்காலத்துக்கு?"

"குடின்னா குடி."

குடித்தேன். என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைக்க நான் குனிந்தபோது முந்தானையால் என் வாயைத் துடைத்து, நுரை ஏதும் இருக்கிறதா என்று துணியைத் திருப்பிப் பார்த்தாள்.

"வயித்த வலிக்குதா?"

"இல்லம்மா."

"உக்காரு இங்கனயே."

உட்கார்ந்தேன். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போனது. கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் திரும்பினார்கள். விளக்குப் போடுகிற வரை அம்மா என் மணிக்கட்டை விடவில்லை.