பன்னிரண்டாவது சனிக்கிழமை: செம்பனை நிரைகளுக்குள் ஒரு காட்டுப்பன்றி

திங்கட்கிழமை துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். அதனால் சனிக்கிழமை போனேன். வேறு காரணம் இல்லை.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். புக்கிட் மெர்தாஜாம் மலையடியில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் டுரியான் தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றிகள் மரக்கன்றுகளைத் தோண்டிப் போட்டதால் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கியிருந்தார். அவர் இறந்தபின் தோட்டமும் உரிமமும் என் பெயருக்கு வந்தன. சென்ற ஜூலையில், பழப் பருவம் முடிந்ததும், தோட்டத்தை விற்றோம். தோட்டம் இல்லையென்றால் உரிமமும் இல்லை. ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள்.

மூன்று வருடங்களில் பதினொரு முறை வேட்டைக்குப் போயிருக்கிறேன். ஒரு பன்றியைக்கூடச் சுட்டதில்லை. ஒருமுறை மழை. ஒருமுறை நாயின் காலில் முள். இரண்டு முறை பன்றியின் முதுகு மட்டும் தெரிந்தது, துப்பாக்கி தோளுக்கு வருவதற்குள் புல் மூடிக்கொண்டது. பன்றிக் காய்ச்சல் வந்துபோன பிறகு பன்றிகளே குறைந்துவிட்டன என்கிறார்கள். மற்ற நாட்களில் தடம்கூட இல்லை.

எனக்கு வேட்டை பிடிக்குமா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் பதினொரு முறை போய்விட்டு, ஒன்றும் சுடாமலே அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு வருவது பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று. திங்கட்கிழமைக்குள்.

தீவில் நான் இருக்கும் ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து விடிகாலை 5.40க்குக் கிளம்பினேன். துப்பாக்கி பையில், குண்டு போடாமல், பின்னிருக்கையில். உரிமம் சட்டைப்பையில். கரைக்குப் போகும் பாலத்தில் வண்டிகள் குறைவு. கடல் தெரியவில்லை, கறுப்பாக ஒரு இடம் மட்டும். தீவிலிருந்து போகும்போது டோல் கிடையாது. திரும்பும்போதுதான், 5 வெள்ளி 74 காசு. புக்கிட் மெர்தாஜாம் டவுன் வரை 24 கிலோமீட்டர், அங்கிருந்து நாங்கள் வேட்டைக்குப் போகும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தோட்டத்தின் முனைக்கு இன்னும் 13. மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம்.

தோட்ட முனையில் லெட்சுமி அக்காவின் சாப்பாட்டுக் கடை. ஒரு மேசை, நான்கு நாற்காலி. நாசி லெமாக் சோறு 2 வெள்ளி 50, பால் ஊற்றாத தே ஓ தேநீர் 1 வெள்ளி 50. வேட்டைத் துணையான தேவா அண்ணன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவரிடம் துப்பாக்கி இல்லை. ஒரு பாராங் கத்தி, கிச்சாப் என்ற கறுப்பு நாய், அவ்வளவுதான். அவர் சுற்றிப் போய்ப் பன்றியைக் கிளப்புவார். நான் நின்று சுட வேண்டும். மூன்று வருடங்களாக அவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்.

"கொடய எடுத்துட்டு வந்துட்டியா தம்பி?" என்றார் அக்கா. குடை என்பது என் துப்பாக்கிக்கு அவர் வைத்த பெயர். ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு போகிறேன், ஒருமுறையும் விரிப்பதில்லை.

"இன்னைக்குக் கடைசி அக்கா. திங்கக்கெழம போலீஸ் பாலாய்ல குடுத்துருவான்," என்றார் தேவா அண்ணன்.

"அப்போ பன்னிக்குத்தான் கவல லா. இனிமே யாரு வந்து சும்மா பாத்துட்டுப் போவா?"

சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாக.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போனபின் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யாராவது உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் பேசக் கூடாது, அசையக் கூடாது. அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் கடைப்பிடித்தது. கூப்பிட வேண்டுமென்றால் மரத்தில் இரண்டு முறை தட்ட வேண்டும், மற்றவர் இரண்டு தட்டித் தன் இடத்தைச் சொல்ல வேண்டும். முதல் முறை கேட்டபோது காரணம் கேட்டேன். "பேர் சொன்னா வேற யாராச்சும் பதில் சொல்லுவாங்க," என்றார் தேவா அண்ணன். விலை சொல்வதுபோல் சொன்னார். நான் அதை ஒரு நல்ல தகவலாக எடுத்துக்கொண்டேன். படித்தவன் செய்வது அதுதான்.

வெளிச்சம் வரும்வரை கடையில் இருந்தோம். இருட்டில் சுடக் கூடாது. 7.10க்கு நுழைந்தோம்.

செம்பனைத் தோட்டத்துக்குள் போகாதவர்களுக்கு: எல்லா நிரையும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்பது அடி நடந்தாலும் தொள்ளாயிரம் அடி நடந்தாலும் அதே இடம். அன்று பனி வேறு. மட்டைகளிலிருந்து சொட்டும் சத்தம். பறவை இல்லை.

பாதையில் தோட்டத் தொழிலாளர்கள் இருந்த பழைய லயன் வீடுகள். பத்து வாசல், கூரை கிடையாது, உள்ளே செடி. ஆறாம் எண்ணுக்கு மட்டும் கதவு மிச்சம். தள்ளிப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அத ஏன் தள்ற?" என்றார் தேவா அண்ணன். நான் கையை எடுத்தேன்.

7.35. நிரைகள் சந்திக்கும் ஒரு திறப்பில் என்னை நிறுத்தினார். இடப்பக்கம் கால்வாய், அதன் ஓரமாகச் சுற்றி வருவதாகச் சொன்னார். வலப்பக்கம் இடுப்புயரப் புல். பன்றி வந்தால் அந்தப் புல்லிலிருந்து வரும். மனிதன் இடப்பக்கம், பன்றி வலப்பக்கம். இதை இரண்டு முறை சொன்னார். நாயோடு பனிக்குள் போனார்.

இரண்டு குழலிலும் தோட்டா போட்டேன், குழலுக்கு ஒரு விசை. நின்றேன்.

நின்றுகொண்டே இருப்பது ஒரு விநோதமான வேலை. முதலில் காது கூர்மையாகும். பிறகு காது பொய் சொல்லும்.

8.12க்கு வலப்பக்கப் புல் அசைந்தது. காற்று இல்லை. கனமான ஏதோ ஒன்று புல்லை மிதித்து வந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. இருபது அடி இருக்கும். துப்பாக்கி தானாகவே தோளுக்கு வந்துவிட்டது.

மரத்தில் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு கையும் துப்பாக்கியில். கையை எடுத்தால் இதுவும் போய்விடும். திங்கட்கிழமை வந்துவிடும். அதனால் மெதுவாக, முட்டாள்தனமாக, வாயால் கேட்டேன்.

"தேவா அண்ணே?"

புல் நின்றது. அங்கிருந்து பதில் இல்லை.

இடப்பக்கமிருந்து வந்தது. "ஓய்." கால்வாய்ப் பக்கம், அருகில்தான். அவசரமில்லாத குரல். அடுத்த அறையிலிருந்து பதில் சொல்வதுபோல.

ஆக அவர் இடப்பக்கம் இருக்கிறார். ஆக வலப்பக்கம் இருப்பது பன்றி. கணக்கு சரியாக இருந்தது. புல் மீண்டும் அசைந்தது. முன் விசையை அழுத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான். தோட்டா வெடிக்கவில்லை.

புல் விலகியது. கிச்சாப் வந்தது. அதன் பின்னால், குனிந்தபடி, பாராங்கைப் பிடித்துக்கொண்டு, தேவா அண்ணன். நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. குழலின் வாயைப் பார்த்தார்.

நான் குழலை அவரிடமிருந்து விலக்கி இடப்பக்கம் திரும்பினேன். பதில் சொன்னது யாரென்று பார்க்கத்தான் திரும்பினேன். நிரையின் நடுவே காட்டுப்பன்றி நின்றது. பக்கவாட்டில், முழுதாக. ஓடவில்லை. வெகுநேரமாக அங்கேயே நின்றதுபோல் இருந்தது. அதன் பின்னால் வெறும் கால்வாய்க் கரை. பின் விசையை அழுத்தினேன். இந்த முறை வெடித்தது. ஐந்தாறு அடி நடந்து முன்னங்காலை மடக்கி விழுந்தது.

பன்னிரண்டாவது சனிக்கிழமை. என் முதல் பன்றி. மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன்.

"பேர் சொல்லிக் கூப்புட்ட," என்றார் தேவா அண்ணன்.

"நீங்க அந்தப் பக்கம் இருந்து பதில் சொன்னீங்க."

"நான் வாயத் தொறக்கல. கால்வா ரொம்பித் தண்ணி. அதான் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்தேன். பேர் சொன்னா எவன் வாயத் தொறப்பான்?"

துப்பாக்கியை என்னைத் திறக்கச் சொல்லி, குனிந்து பார்த்தார். இடது குழலில் வெடித்த தோட்டா. வலதில் வெடிக்காதது. அதன் அடிப்பகுதியில் ஊசி குத்திய சின்னப் பள்ளம். மட்டையிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

"அமுக்குனியா?"

"ஆமாண்ணே."

"என்னயவா?"

"ஆமா."

அவர் சிகரெட் பற்றவைத்தார். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. "உங்கப்பா வாங்கி வச்ச தோட்டாவா?"

"ஆமா. ஏழெட்டு வருசம் இருக்கும்."

"புதுசு வாங்காத கஞ்சனா இருந்தியே, நல்லதாப் போச்சு லா," என்றார். சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

அங்கே வேட்டை இறைச்சியைப் பங்கு போடும் முறை: ஆளுக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. அன்றைக்கு நான்கு பங்குதான் வர வேண்டும். தேவா அண்ணன் ஐந்தாக வெட்டினார். ஐந்தாவதை மட்டையில் வைத்து, பன்றி நின்ற நிரையில் ஒரு மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார்.

"கூப்பிட்டதுக்குப் பதில் சொன்னான்ல. அவனுக்கு."

திரும்பி நடந்தோம். கிச்சாப் அந்தப் பங்கின் பக்கம் போகவே இல்லை. மோந்துகூடப் பார்க்கவில்லை.

கடையில் அக்கா கேட்டார், "கொட விரிஞ்சுதா?"

"விரிஞ்சுது அக்கா."

"அப்பறம் ஏன் ரெண்டு பேரும் நனஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

தேவா அண்ணன் கிச்சாப்புக்குத் தண்ணீர் வைத்தார். அந்தப் பகுதியில் இன்று பழக்குலை வெட்ட ஆட்கள் வந்தார்களா என்று நான் கேட்டேன். சனிக்கிழமை அங்கே வெட்டு கிடையாது என்றார் அக்கா. தே ஓவுக்குக் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஒரு துப்பாக்கி, மீதித் தோட்டாக்கள். காவலர் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பள்ளம் விழுந்ததைத் தனியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, கெட்டுப்போனதா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அதையும் உறையில் போட்டு ஒட்டினார். கையெழுத்துப் போட்டேன். எட்டு நிமிடத்தில் முடிந்தது.

விடாமுயற்சி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பதினொரு முறை போனது உண்மைதான். ஆனால் அந்த விடாப்பிடிதான் என் கையை மரத்தில் தட்டவிடாமல் செய்தது. பன்றியைத் தந்தது அதிர்ஷ்டம் என்றும் சொல்கிறார்கள். என் அதிர்ஷ்டம் வெடித்த குழலில் இல்லை. அந்தக் குரல் எனக்குப் பன்றியைக் காட்டியதா, தேவா அண்ணனைக் கொல்லச் சொன்னதா? எப்படி யோசித்தாலும் அதே ஒரு "ஓய்"தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். துப்பாக்கி உரிமம் தனி, வேட்டை அனுமதி தனி, இரண்டும் வேண்டும். உரிமம் இல்லாதவர்கள் கூடப் போய்ப் பார்க்கலாம், ஆனால் அடுத்தவர் துப்பாக்கியை ஒரு நிமிடம்கூடக் கையில் வாங்காதீர்கள், சட்டம் கடுமையானது. முட்டிவரை பூட்ஸ், அட்டைக்கு உப்பு. பெட்ரோல், டோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 31 வெள்ளி. மழை பெய்த மறுநாள் கால்வாய் ஓரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். பழைய தோட்டாவைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுத வேண்டும், எழுத வரவில்லை.

உள்ளே நுழைவதற்கு முன் எப்படிக் கூப்பிடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். மரத்தில் தட்டுங்கள், அதற்காகக் கை துப்பாக்கியை விட்டாலும் பரவாயில்லை, பன்றி போனாலும் பரவாயில்லை. பதில் வராத இடத்தில் ஆள் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்த இடத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.