சுவருக்குள் இருந்த ஜெர்மன் எழுத்து

டெக்சாஸில் நாங்கள் இருந்த ஊரில், பழைய செங்கல் மண்டபம் ஒன்றில் என் மகளை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்திருந்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் அமெரிக்காவிலேயே பிறந்த ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை மண்டபத்தில் குழாய் வெடித்து ஒரு பக்கச் சுவர் ஊறிப்போனது. சனிக்கிழமை காலை, பிள்ளைகள் கரணம் போட்டுக்கொண்டிருக்கும்போதே, வேலையாட்கள் சுவரை மூடியிருந்த பலகைகளைப் பெயர்த்தார்கள். உள்ளே இன்னொரு சுவர். அதில் கறுப்புப் பெயிண்ட் பூசிய நீளமான ஒரு பட்டை. ஈரத்தில் அந்தப் பெயிண்ட் உரிந்து, அடியிலிருந்து பெரிய எழுத்துகள் தெரிந்தன. ஆங்கிலம் இல்லை.

பயிற்சியாளர் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், எப்போதும் அதட்டலாகவே பேசுகிறவர். வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஜெர்மன். என் கொள்ளுத்தாத்தா எழுதியது. வீட்டில் சொல்வார்கள், நான் நம்பியதில்லை," என்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் புரட்சி தோற்றதும் தப்பி வந்தவர்கள் பலர் என்றும், குடியேறிய இடங்களில் எல்லாம் இப்படி மண்டபம் கட்டினார்கள் என்றும் சொன்னார். பார் கம்பிகளும், பிள்ளைகள் தாண்டிப் பழகும், 'குதிரை' என்கிற தோல் போர்த்திய மேடையும் அவர்களோடு வந்தவை. பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர்களும் அவர்கள்தானாம்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"உடற்பயிற்சிச் சங்கம். அவ்வளவுதான்."

இதையா மறைத்தார்கள்? "யார் அழித்தது? ஊர்க்காரர்களா?"

"இல்லை, கொள்ளுத்தாத்தாவேதான். முதல் உலகப் போர் சமயம், ஜெர்மனி அமெரிக்காவுக்கு எதிரி. தெருவில் ஜெர்மன் பேசவே பயந்த காலம். எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, தனியாக வந்து பூசியிருக்கிறார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வகுப்பில் சேர்க்கும்போது, என் மகளின் பெயரில் நாங்கள் முஸ்லிம் என்று காட்டும் பாதியை விட்டுவிட்டுத்தான் படிவத்தை நிரப்பியிருந்தேன். "எதுக்கு வம்பு? ஷார்ட்டா போட்டுடு," என்று என் கணவர் சொன்னார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அது தப்பென்று அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நேராக அலுவலக மேசைக்குப் போனேன். படிவத்தை வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன்.

காரில் ஏறியதும் மகளிடம் மெதுவாகச் சொன்னேன். "உன் ஃபுல் நேம் குடுத்துட்டேன்மா. ஓகேதானே?"

ஷூவைக் கழற்றிக்கொண்டே, "உம்மா, தே ஆல் நோ. ஐ டோல்ட் தெம் த ஃபர்ஸ்ட் டே," என்றாள்.

இரண்டாவது அதிர்ச்சி அது.

அடுத்த மாதம் போட்டி நடந்தது. அறிவிப்பாளர் அவள் முழுப் பெயரைப் படிக்க முடியாமல் இரண்டு தடவை தடுமாறினார். பெஞ்சில் இருந்த அவள் குழுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, அச்சுப் பிசகாமல், மண்டபமே அதிர அதைக் கத்தினார்கள். அவள் நடுவர்களைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு, பீம் என்கிற அந்த ஒடுங்கிய கட்டையில் ஏறினாள்.